முப்பத்தோராம் வீட்டின் இரண்டாவது தட்டு

பேகம்பூர், திண்டுக்கல்
8 செப்டம்பர் 2025

கௌசல்யாவுக்கு,

‘அன்புள்ள’ போடவில்லை, கவனித்திருப்பாய். ஏழு வருடச் சிநேகிதியிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், அலுவலகச் சாவியை மேசையில் வைத்துவிட்டு ஓசூருக்கு ஓடியவளுக்கு வெறும் பெயர் போதும். என் நம்பரையும் ப்ளாக் செய்துவிட்டாய். தபால்காரரை ப்ளாக் செய்ய முடியாது என்பதால் இந்தக் கடிதம். முகவரி உன் அம்மா கொடுத்தது.

சண்டை இருக்கிறது, அதைப் பிறகு போடுவோம். இப்போது வேலை விஷயம்.

பிப்ரவரியில் நீ வீடு வீடாகப் போய்க் கேள்விப் படிவம் நிரப்பினாய். அதே வீடுகளுக்கு இப்போது நான் தராசோடு போகிறேன். வாரத்துக்கு எத்தனை முட்டை, மாதத்துக்கு எத்தனை தடவை மீன் என்று நூற்றுப் பன்னிரண்டு உணவுகளைப் பற்றி உன்னிடம் அவர்கள் சொன்னது எவ்வளவு நிஜம் என்று பார்க்க, வீட்டுக்கு மூன்று நாள் உட்கார்ந்து தட்டில் விழுவதையெல்லாம் எடை போடுகிறேன். நீ எழுதியதை நான் பார்க்கக் கூடாது. கடைசியில் கிளெமென்ட் சார் இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவார். இதுவரைக்கும் சொல்கிறேன், உன்னிடம் எல்லோரும் நன்றாகப் புளுகியிருக்கிறார்கள். “தெனமும் கீரைதான்” என்று என்னிடமும் சொன்ன வீட்டில் மூன்று நாளும் அப்பளத்தைத்தான் எடை போட்டேன்.

ஆனால் முப்பத்தோராம் வீடு அப்படியில்லை. வேடசந்தூர் தாண்டி, மில் பஸ் நிற்கிற வேப்பமரத்தை ஒட்டிய ஓட்டு வீடு. ஞாபகம் இருக்கும். பட்டியலில் இரண்டு பேர். 31-அ அங்காளம்மாள், வயது 52, முருங்கைத் தோட்டத்தில் காய் பறிக்கிற வேலை. 31-ஆ மகன் விக்னேஷ்குமார், வயது 24, நூல் மில் வேலை.

முதல் நாள் மத்தியானம் மூணே முக்காலுக்கு மில் பஸ் வந்து நின்றது. மரத்தடியில் படுத்திருந்த நாய் எழுந்து வாலை ஆட்டியது. யாரும் இறங்கவில்லை. பஸ் போய்விட்டது. நாய் மட்டும் வாலை ஆட்டிக்கொண்டே வீட்டு வாசல் வரை நடந்து வந்து படுத்துக்கொண்டது.

அங்காளம்மாள் தட்டை என் தராசில் வைத்தார். சோறு 520 கிராம், முருங்கைக்காய்க் குழம்பு 180, அவித்த முட்டை ஒன்று. உள்ளறையில், திரைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் வைத்தார். வெளியே வந்து எனக்கு எதிரில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்தார். அந்த அறைக்கு ஒரே வாசல், அதில்தான் நான் உட்கார்ந்திருந்தேன். ஜன்னலுக்குக் கம்பி உண்டு. இருபது நிமிடம் கழித்துத் தட்டை எடுத்துவந்து என்னிடம் நீட்டினார். சோறு இல்லை. முட்டை இல்லை. மென்று போட்ட முருங்கைச் சக்கை 41 கிராம், ஈரத்தோடு. தட்டின் ஓரத்தில் கறிவேப்பிலையை வரிசையாக ஒதுக்கியிருந்தது.

“மகன் எங்கம்மா?” என்றேன்.

“உள்ள இருக்கான் தாயி. வேலைக்குப் போயிட்டு வந்த அலுப்பு. பேசமாட்டான்.”

தண்ணீர் கேட்கிற சாக்கில் திரையை விலக்கிப் பார்த்தேன். கட்டில், ஆணியில் ஒரு சட்டை. வேறு யாரும் இல்லை. மூன்று நாளும் இதே கதை.

என்னைப் பயமுறுத்தியது அந்தத் தட்டுகூட இல்லை, கௌசி. அந்த அம்மா மூன்று நாளில் சாப்பிட்டது காலையும் மாலையும் ஒரு சொம்பு கஞ்சித்தண்ணி, வெஞ்சனமாக அரை வெங்காயம். எடை 36.2 கிலோ. முகப்புத் தாளில் நீ பிப்ரவரியில் 45 என்று எழுதி, ஒற்றைக் கோடு போட்டு அடித்து, 44 என்று திருத்தி, பக்கத்தில் சின்னதாகக் கையெழுத்துப் போட்டிருக்கிறாய். திருத்தினால் இப்படித்தான் திருத்த வேண்டும் என்று சார் சொன்னதை உன்னைத் தவிர யாரும் மதித்ததில்லை. அந்த 44 இப்போது 36. சாப்பிடச் சொல்லி நான் வாய் திறக்கக் கூடாது, அது விதி. எடை போடுகிறவள் எடைதான் போட வேண்டுமாம். இப்படியே போனால் அந்த அம்மா பொங்கலைப் பார்க்க மாட்டார்.

நீ அந்த விக்னேஷ்குமாரைப் பார்த்தாயா? உன் முன்னால் உட்கார்ந்து பதில் சொன்னானா? இதற்கு மட்டும் பதில் எழுது.

ரிஃபாத்


ஓசூர்
15 செப்டம்பர் 2025

ரிஃபாத்,

கடிதம் கிடைத்தது. நான் அந்த வேலையை விட்டு ஆறு மாதமாகிறது. படிவங்களைச் சரியாகத்தான் நிரப்பினேன். ஒவ்வொரு வீடாக என்னிடம் விளக்கம் கேட்டால் என்னால் சொல்ல முடியாது. இங்கே மாமியார் வீட்டில் கடிதம் வந்தாலே யார், என்ன என்று கேட்கிறார்கள்.

வெயிலில் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தால் இல்லாததெல்லாம் தெரியும். உனக்கு வெயில் ஒத்துக்கொள்ளாது.

இனிமேல் எழுத வேண்டாம்.

கௌசல்யா

ஒன்று மட்டும். ஒப்புதல் தாளில் 31-ஆ கையெழுத்து எப்படி இருக்கிறது என்று பார்த்துச் சொல். அதற்குப் பிறகு எழுத வேண்டாம்.


பேகம்பூர், திண்டுக்கல்
20 செப்டம்பர் 2025

கௌசி,

எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டு அடியில் கேள்வி கேட்கிறவளை உலகத்தில் நான் இப்போதுதான் பார்க்கிறேன்.

பார்த்தேன். 31-அ கட்டைவிரல் ரேகை. அந்த அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. 31-ஆ அழகான கையெழுத்து, ‘வி. கு.’ என்று போட்டு அடியில் ஒரு கோடு இழுத்திருக்கிறது. உன் கையெழுத்து அப்படி இருக்காது. எனக்குத் தெரியும், உன் நோட்டைப் பார்த்துத்தான் நான் பாஸ் செய்தேன்.

பக்கத்து வீட்டுக்காரரிடம் விசாரித்தேன். விக்னேஷ்குமார் 2023 ஆடி மாதம் கரூர் ரோட்டில் லாரி மோதி இறந்துவிட்டான். முன்னறையில் பிளாஸ்டிக் மாலை போட்ட போட்டோ அவனுடையதுதான். நான் அதை அவன் அப்பாவின் இளவயதுப் படம் என்று நினைத்திருந்தேன், அசட்டுத்தனம். நீ படிவம் நிரப்பியபோது அவன் இறந்து ஒன்றரை வருடம்.

இதைத் தெரிந்துகொண்டு நான் ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. அந்த அம்மாவின் கழுத்தெலும்பு கண்ணை விட்டுப் போகவில்லை. அத்தா கடையிலிருந்து ஒரு பொட்டலம் பிரியாணி எடுத்துக்கொண்டு போனேன். விதியாவது மண்ணாவது. “இது ஒங்களுக்கும்மா, நீங்கதான் சாப்புடணும்” என்று கையில் கொடுத்தேன். சிரித்துக்கொண்டே வாங்கி உள்ளறையில் வைத்தார். அரை மணி நேரத்தில் எலும்பும் இலையும் திரும்பி வந்தன. எலும்பு சுத்தமாக இருந்தது.

மறுநாளும் கொண்டுபோனேன். உள்ளே போன பொட்டலம் பிரிக்காமல் அப்படியே திரும்பியது.

“மாசத்துக்கு ஒருக்காதான் தாயி சாப்புடுவான். நேத்துச் சாப்புட்டுட்டான்ல.”

இப்படிச் சொல்லிவிட்டு, நாட்காட்டிக்குப் பின்னாலிருந்து இரண்டு தாள் கட்டுகளை எடுத்தார். உன் படிவங்களின் கார்பன் நகல். உணவுப் படங்களும் பக்கத்தில் உன் டிக் அடையாளங்களும் இருப்பதால் எழுத்துத் தெரியாதவருக்கும் புரியும். பிரியாணிப் படத்துக்கு நேரே, மாதம் ஒரு முறை. முட்டை, வாரம் ஆறு. கோழி, ஞாயிற்றுக்கிழமை. அந்த அம்மா அதைப் பார்த்துத்தான் சமைக்கிறார். உள்ளே இருக்கிறது எதுவோ, அதைப் பார்த்துத்தான் சாப்பிடுகிறது.

“அப்ப இத நீங்க சாப்புடுங்கம்மா” என்றேன்.

தன் நகலைப் புரட்டிக் காட்டினார். “என்னோட காயிதத்துல இது இல்ல தாயி. எனக்குக் கஞ்சிதான் போட்டிருக்கு.”

வெளியே ஆட்டுக் கொட்டிலில் முளைக்குச்சிகள் மட்டும் இருந்தன, ஆடு ஒன்றுகூட இல்லை. வாரம் ஆறு முட்டையும் ஞாயிறு கோழியும் எங்கிருந்து வருகின்றன என்று அப்போதுதான் புரிந்தது.

நேற்றுக் கிளெமென்ட் சார் என்னைக் கூப்பிட்டுப் பாராட்டினார். ஒப்பிட்டுப் பார்த்ததில் எல்லா வீட்டிலும் உன் படிவத்துக்கும் என் எடைக்கும் மலைக்கும் மடுவுக்குமாக இருக்கிறதாம். முப்பத்தோராம் வீட்டில் மட்டும் பொருந்துகிறதாம், அதிலும் 31-ஆ கிராம் பிசகாமல். “ஒருத்தராச்சும் உண்மையச் சொல்லியிருக்காரும்மா” என்று சந்தோஷப்பட்டார்.

என்ன செய்தாய், கௌசி? சொல்லிவிடு.

ரிஃபாத்


ஓசூர்
26 செப்டம்பர் 2025

அன்புள்ள ரிஃபாத்,

மூன்று தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். இதையும் கிழிப்பதற்குள் தபாலில் போட்டுவிடுவேன்.

பிப்ரவரி கடைசி வாரம் உனக்கு ஞாபகம் இருக்கும். ஐம்பது பெண்கள், ஐம்பது ஆண்கள் வேண்டும் என்றார்கள். பெண்கள் கிடைத்துவிட்டார்கள். ஆண்கள் எப்போது போனாலும் மில்லில் இருந்தார்கள். வெள்ளிக்கிழமைக்குள் முடிக்க வேண்டும், எனக்கு ஒரே ஒரு ஆண் குறைந்தது. அடுத்த வாரம் என் கல்யாணப் பேச்சு. எப்படியாவது முடித்துவிட்டு விடுப்பில் போக வேண்டும் என்றிருந்தது.

அந்த வீட்டில் அங்காளம்மாளின் படிவத்தை முடித்தேன். எதைக் கேட்டாலும் “எனக்கென்ன தாயி, கஞ்சிதான்” என்றார். அப்படியே எழுதினேன். எழுந்தபோது சுவரில் அந்தப் போட்டோவைப் பார்த்தேன். மாலையையும் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் கேட்டேன், “மகன் மில்லுக்குத்தானம்மா போயிருக்கார்?” என்று.

அந்த அம்மா சொல்லவில்லை, ரிஃபாத். நான்தான் சொன்னேன். அவர் வாயில் நான் வைத்தேன். ரொம்ப நேரம் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “ஆமா தாயி, மில்லுக்குத்தான் போயிருக்கான்” என்றார்.

மகன் வருவதற்குள் நீங்களே அவருக்காகச் சொல்லுங்கள் என்றேன். ஒருவருக்காக இன்னொருவர் பதில் சொல்லக் கூடாது என்று நான்தான் பயிற்சியில் உங்களுக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தேன். நூற்றுப் பன்னிரண்டு கேள்வியும் கேட்டேன். தனக்குக் கஞ்சி என்று முடித்தவர், மகனுக்கு என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். “கறிவேப்பிலைய ஒதுக்கிருவான், எம்புட்டுச் சொன்னாலும் கேக்கமாட்டான்” என்று சிரித்தார். இரண்டு மணி நேரம். அளவுப் படங்களில் பெரிய தட்டைத் தொட்டுக் காட்டினார், இம்புட்டு, இம்புட்டு என்று. நானும் எழுதினேன். எழுத எழுத உள்ளறையில் கட்டில் ஒரு தடவை கிரீச்சிட்டது. எலி என்று நினைத்துக்கொண்டேன்.

கையெழுத்துக்கு ஒப்புதல் தாளையும் படிவத்தையும் விட்டுவிட்டு வந்தேன். “மகன் வந்து ஏதாச்சும் மாத்தணும்னா ஒரே கோடு போட்டு அடிச்சுட்டு, பக்கத்துல கையெழுத்துப் போடச் சொல்லுங்கம்மா” என்று வாய் கூசாமல் சொன்னேன். யாரையாவது வைத்து ஒரு கிறுக்கல் போட்டு வைப்பார், நான் கேள்வி கேட்காமல் வாங்கிக்கொள்ளலாம் என்று கணக்கு. மறுநாள் போனேன். கையெழுத்து இருந்தது. “நேத்து வந்துட்டான் தாயி. நீ கேட்டீல்ல, அதான் வந்துட்டான்” என்றார். திரைக்குப் பின்னால் யாரோ சோறு பிசைகிற சத்தம் கேட்டது. அந்த அம்மா என் எதிரில் நின்றுகொண்டிருந்தார்.

நகல் வேண்டும் என்று கேட்டார். கையில் திணித்துவிட்டு பஸ் ஸ்டாப்புக்கு ஓடினேன். அதற்கப்புறம் அந்த அலுவலகத்தில் என்னால் உட்கார முடியவில்லை. உன் குரலைக் கேட்டால் சொல்லிவிடுவேன் என்றுதான் உன் நம்பரைத் தடுத்தேன். வேறு கோபம் எதுவும் உன் மேல் எனக்கு இல்லை.

சாரிடம் சொல்வதானால் சொல். நான் மறுக்கமாட்டேன்.

கௌசல்யா


பேகம்பூர், திண்டுக்கல்
1 அக்டோபர் 2025

கௌசி,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் உன்னைத் திட்டித் தீர்த்தேன். என் அம்மா “யாரத் திட்டுற?” என்று கேட்டார். சுவரைத் திட்டுகிறேன் என்றேன். ஒரு எண்ணிக்கைக்காகச் செத்தவனைச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருக்கிறாய். கூப்பிட்டுவிட்டு நீ ஓசூருக்குப் போய்விட்டாய், அவன் வந்து உட்கார்ந்துவிட்டான்.

சாரிடம் சொல்லவில்லை. சொன்னால் 31-ஆ படிவத்தை நீக்குவார், அவ்வளவுதான். நகல் நாட்காட்டிக்குப் பின்னாலேயே இருக்கும். அந்த அம்மா செத்துப்போவார்.

மிகையாகச் சொல்லவில்லை. திங்கட்கிழமை முருங்கைத் தோட்டத்தில் மயங்கி விழுந்துவிட்டார். வேடசந்தூர் ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். எடை 34.8. நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். மூன்று மணி ஆனதும் ஊசியைத் தானே பிடுங்கிப்போட்டுவிட்டு எழுந்தார். “பஸ்ஸு வந்துரும் தாயி, செத்த நேரத்துல ஒல வைக்கணும்” என்று புடவையைச் செருகிக்கொண்டு நடந்தார். நான் என்ன செய்யட்டும்?

ஒரே வழிதான் தெரிகிறது. பதில்கள் மாறாமல் இருக்கின்றனவா என்று பார்க்க, எட்டு மாதம் கழித்து அதே வீட்டில் அதே கேள்விகளை இரண்டாம் தடவை கேட்க வேண்டும் என்பது திட்டத்திலேயே இருக்கிறது அல்லவா, அது இந்த மாதம். நானே கேட்டுப் பார்த்தேன், நேற்று. விக்னேஷ் முட்டை சாப்பிடுகிறானா என்றால் வாரம் ஆறு என்கிறார். பழைய பதிலையே ஒப்பிக்கிறார். “அவன் இல்லையேம்மா” என்று சொல்லியும் பார்த்தேன். கோபப்படவில்லை. “எழுதுன பாப்பா வந்து கேக்கட்டும்” என்றார்.

முதலில் கேட்டவளே மறுபடி கேட்க வேண்டும் என்பதுதான் விதியும். சார் உன்னை ஒரு நாளைக்கு மட்டும் அனுமதிக்கிறார். வா. சனிக்கிழமை, பதினொன்றாம் தேதி. சான்றிதழ் வாங்கப் போகிறேன் என்று மாமியாரிடம் சொல். ஒவ்வொரு கேள்விக்கும் அந்த அம்மா வாயால் இல்லை என்று சொல்ல வேண்டும். பழைய நகலை வாங்கிக்கொண்டு புது நகலைக் கொடு.

இன்னொன்று. அந்த அம்மாவின் படிவத்தில் முட்டை, பருப்பு, பால் எல்லாவற்றுக்கும் நீயே டிக் போட்டுவிடு. காகிதத்தில் இருந்தால் சாப்பிடுவார். ஒரு பொய்யில் வந்த வினை, இன்னொரு பொய்யில் போகட்டும்.

வராமல் இருந்துவிடாதே. காலில் வேண்டுமானாலும் விழுகிறேன்.

ரிஃபாத்


ஓசூர்
13 அக்டோபர் 2025

அன்புள்ள ரிஃபாத்,

திரும்பி வரும்போது பஸ்ஸில் நீ என்னென்னவோ கேட்டாய். நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தேன். கோபித்துக்கொள்ளாதே. வாயைத் திறந்திருந்தால் அழுதிருப்பேன்.

எடை போடுகிறவள் கேட்கக் கூடாது என்று நீ பஸ் ஸ்டாப்பிலேயே நின்றுவிட்டாய். அந்த விதியை மட்டும் ஏன் அன்றைக்கு மதித்தாய் என்று எனக்குத் தெரியும். பயம்தானே. எனக்கும்தான்.

உள்ளே போனதும் முதலில் உண்மையைச் சொன்னேன். “அம்மா, போன தடவை அந்தப் போட்டோவப் பாத்துட்டுத்தான் நான் அப்படிக் கேட்டேன். தப்புப் பண்ணிட்டேன்” என்றேன்.

“தெரியும் தாயி. நீ பாத்தத நான் பாத்தேன்.”

“பெறகு ஏம்மா பதில் சொன்னீங்க?”

வெங்காயத் தோலைத் துடைத்துக்கொண்டே சொன்னார். “அப்ப அவன் போயி ஒன்றரை வருசம். ஒருத்தரும் அவன் பேர எடுக்கல. எடுத்தா நான் அழுதுருவேன்னு எடுக்கல. நீ வந்து என்னென்ன சாப்புடுவான்னு ரெண்டு மணி நேரம் கேட்ட. நான் எப்பிடித் தாயி இல்லேன்னு சொல்லுவேன்?”

பிறகு பேனாவை எடுத்தேன். “இப்ப மறுபடியும் கேக்குறேன்மா. சொல்லுவீங்களா?” உள்ளறைத் திரையைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

முதல் கேள்வி சோறு. விக்னேஷ்குமார் ஒரு நாளைக்கு எத்தனை வேளை சோறு சாப்பிடுகிறார் என்று வரிசையாக, எழுதியிருக்கிறபடியே கேட்டேன். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. மூன்றாம் தடவை கேட்டபோது “இல்ல” என்றார். உள்ளே கட்டில் கிரீச்சிட்டது. இட்லி, இல்ல. தோசை, இல்ல. முட்டை, இல்ல. ஒவ்வொன்றுக்கும் உள்ளே ஏதோ ஒரு அசைவு கேட்டது. யாரோ புரண்டு படுக்கிற மாதிரி. முருங்கைக்காய்க்கு வந்தபோது அந்த அம்மா எழுந்து அடுப்படிக்குப் போய் நின்றுகொண்டார். அங்கிருந்தே சொன்னார். அதே நேரம் உள்ளே ஒரு தட்டைத் தரையில் மெதுவாக வைக்கிற சத்தம். அதற்குப் பிறகு உள்ளே ஒன்றுமே கேட்கவில்லை.

கடைசிக் கேள்வி தண்ணீர். அதற்கு மட்டும் ‘இல்லை’ வரவில்லை. “தண்ணி மட்டும் இருக்கட்டும் தாயி. வெயில்ல வாரவன்” என்றார். நான் வற்புறுத்தவில்லை. நாளுக்கு ஒரு டம்ளர் என்று எழுதினேன்.

அடுத்து அவருடைய படிவம். நீ சொன்னபடி செய்யவில்லை, ரிஃபாத். கேட்டேன், கஞ்சி என்றார், கஞ்சி என்றே எழுதினேன். முட்டை இல்லை. பருப்பு இல்லை. பால் இல்லை. உன் பேச்சைக் கேட்டிருந்தால் அவர் பிழைத்துக்கொள்வாரோ என்று இப்போது யோசித்துக்கொண்டே இருக்கிறேன். ஆனால் அந்த வீட்டில் இன்னொரு பொய்யை எழுத என் கை வரவில்லை. சத்தியமாக முடியவில்லை.

ரேகை வாங்க மை டப்பாவைத் தேடினேன், அது உன் பையில் இருந்தது. படிவங்களையும் பேனாவையும் உள்ளறை வாசலில் இருந்த முக்காலியில் வைத்துவிட்டு உன்னிடம் ஓடி வந்தேன். அப்போதுதான் அந்த பஸ் வந்தது. நாய் எழுந்ததை நீயும் பார்த்தாய். வழக்கம்போல வீட்டுப் பக்கம் வரவில்லை, வீட்டு வாசலிலிருந்து பஸ்ஸை நோக்கி நடந்தது, யாரையோ வழியனுப்புகிற மாதிரி வாலை ஆட்டிக்கொண்டு. பஸ் ஒரு நிமிடம் கூடுதலாக நின்றது. டிரைவர் ஏன் நின்றார் என்று அவருக்கே தெரிந்திருக்காது.

திரும்பிப் போய் இரண்டு படிவத்தின் முகப்புத் தாளிலும் ரேகை வாங்கினேன். உள்பக்கத்தைக்கூடப் புரட்டவில்லை. புது கார்பன் நகல்களைக் கிழித்து அம்மாவிடம் கொடுத்துவிட்டு, அசலை உறையில் போட்டு ஒட்டிவிட்டேன்.

அந்த அம்மா எப்படி இருக்கிறார் என்று எழுது. மோசமாக இருந்தாலும் எழுது.

கௌசல்யா


பேகம்பூர், திண்டுக்கல்
30 அக்டோபர் 2025

அன்புள்ள கௌசி,

இரண்டு வாரம் எழுதவில்லை என்று பதறியிருப்பாய். மூன்று நாள் எடை போட்டு முடித்த பிறகு எழுதலாம் என்று இருந்தேன்.

உறையைச் சார் என் எதிரில்தான் பிரித்தார். நீ ஒட்டியது ஒட்டியபடி இருந்தது. 31-ஆ படிவத்தை முதலில் எடுத்தார். நூற்றுப் பதினொரு ‘இல்லை’, உன் கையெழுத்தில். தண்ணீருக்கு நேரே நீ எழுதிய ‘நாளுக்கு ஒரு டம்ளர்’ ஒற்றைக் கோட்டால் அடிக்கப்பட்டு, பக்கத்தில் ‘இல்லை’ என்று இருந்தது. அதற்குப் பக்கத்தில் ‘வி. கு.’, அடியில் ஒரு கோடு.

நீ செய்தாயா என்று கேட்கவில்லை. என்னைச் சமாதானப்படுத்த ஆமாம் என்று எழுதிவிடாதே.

பிறகு அந்த அம்மாவின் படிவம். கஞ்சி நாளுக்கு இரண்டு வேளை என்பதை ஒற்றைக் கோடு அடித்திருக்கிறது, சோறு மூன்று வேளை. முட்டை இல்லை என்பதை அடித்து வாரம் ஆறு. பருப்பு தினமும். பால் தினமும். பிரியாணி மாதம் ஒரு முறை. பக்கம் பக்கமாக, ஒவ்வொரு திருத்தத்துக்கும் பக்கத்தில் அதே கையெழுத்து. சார் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, “இவ்வளவு முறையா யாரும் திருத்தினதே இல்லம்மா, யாரு இது?” என்றார். வீட்டிலே ஒருத்தர் சார் என்றேன். வேறென்ன சொல்ல?

தராசைத் தூக்கிக்கொண்டு போனேன். அங்காளம்மாள் வாசலிலேயே உட்கார்ந்திருந்தார், மடியில் புது நகல். மூணே முக்காலுக்கு பஸ் வந்தது, போனது. நாய் தூங்கிக்கொண்டிருந்தது. உள்ளறைத் திரையைச் சுருட்டி மேலே கட்டியிருந்தார். கட்டிலில் வெயில் விழுந்திருந்தது.

“அவன் வரல தாயி” என்றார். “தண்ணி வச்சேன். தொடல. மூணு நாளா அப்பிடியே இருந்துச்சு. பெறகு நானே எடுத்துக் குடிச்சிட்டேன்.” அழுதார். நானும் உட்கார்ந்து அழுதேன். எடை போடுகிறவள் அழக் கூடாது என்று எந்த விதியிலும் இல்லை.

அப்புறம் நகலை என்னிடம் நீட்டினார். “எனக்கு முட்டை போட்டிருக்கு, பாத்தியா. வாரத்துக்கு ஆறு.”

“யாரும்மா போட்டது?”

“கையெழுத்து ஒனக்குத் தெரியலயா தாயி?” என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போனார்.

மூன்று நாளும் தட்டு என் தராசுக்கு வந்தது, ஒரே ஒரு தட்டு. முதல் நாள் சோறு 310 கிராம், முருங்கைக்காய்க் குழம்பு 150, முட்டை ஒன்று. கஷ்டப்பட்டுத்தான் விழுங்கினார், தொண்டை சுருங்கிப்போயிருக்கிறது. நேற்று எடை 36.9. கோழி ஒன்று வாங்கிக் கட்டியிருக்கிறார், முட்டைக்கு. படிவத்துக்கும் எடைக்கும் கிராம் பிசகாமல் பொருந்துகிறது என்று சார் சந்தோஷப்படுவார். படட்டும்.

ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன். படிவத்தின் கடைசியில் ‘குறிப்புகள்’ என்று ஒரு கட்டம் உண்டே, அந்த அம்மாவின் படிவத்தில் அதை நீ காலியாக விட்டிருந்தாய். அதில் அதே கையெழுத்தில் ஒரு வரி இருக்கிறது. ‘கறிவேப்பிலையை ஒதுக்கக் கூடாது.’ நான் அதை அவருக்கு வாசித்துக் காட்டியபோது, “அவன் சொல்றானாக்கும் எனக்கு!” என்று வெகுநேரம் சிரித்தார்.

சாப்பிட்டு முடித்த தட்டை மறுபடி தராசில் வைத்தேன். முருங்கைச் சக்கை 32 கிராம். கறிவேப்பிலை மிச்சம் பூஜ்யம் என்று எழுதினேன்.

ரிஃபாத்